ஆளோடு ஒட்டுவதா, ஆளை விட்டுப் போவதா: ஏ.எஃப்.எல். பின்வரிசை ஆட்டக்காரரின் தொழில்

கேள்வி: ஆஸ்திரேலிய ஃபுட்டியில் கோல் அடிப்பவர்களின் பெயர்தான் எங்கும் அடிபடுகிறது. பின்வரிசையில் ஆடுபவருக்கு உண்மையில் என்ன வேலை? கோல் கணக்கே இல்லாத அலெக்ஸ் ரான்ஸ் மாதிரி ஒருவரை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்? அப்படி ஒருவருடைய தொழில் வாழ்க்கை எப்படி அமைகிறது?

பதில்:

ரான்ஸை வைத்தே பேசலாம். ஆஸ்திரேலிய ஃபுட்டியின் முதன்மை லீக்கான ஏ.எஃப்.எல்.-இல், மெல்போர்னின் ரிச்மண்ட் அணிக்காக 200 ஆட்டம் ஆடியவர். 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். அதாவது அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று லீக் அறிவிக்கும் பெயரளவு அணியில். 2017-இல் அந்த அணிக்கு அவரே கேப்டன். இருந்தாலும் அவருடைய எந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தாலும் அவர் செய்ததில் பாதி அதில் இருக்காது. எதிரணியின் உதைப்பாளர் அவர் நிற்கும் பக்கம் உதைக்கத் தயங்கி வேறு பக்கம் உதைத்தால், அதை யாரும் எண்ணிக் குறித்து வைப்பதில்லை. பின்வரிசையின் அடிப்படைச் சிக்கலே இதுதான்.

முதலில் மைதானம். கிரிக்கெட் மைதானத்தில் பிறந்த ஆட்டம் என்பதால் அளவு ஊருக்கு ஊர் மாறும்: நீளம் 135 முதல் 185 மீட்டர், அகலம் 110 முதல் 155 மீட்டர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த மெல்போர்ன் எம்.சி.ஜி.தான் இதற்கும் தலைமை மைதானம். அணிக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள், ஒன்றுக்கொன்று 6.4 மீட்டர் இடைவெளி. நடு இரண்டுக்கும் இடையே, யார் கையும் படாமல், தாக்கும் அணியின் காலால் உதைபட்டுப் பந்து போனால் கோல், 6 புள்ளி. நடுக் கம்பத்தில் பட்டாலோ, யாராவது தொட்டிருந்தாலோ, ஓரக் கம்ப இடைவெளியில் போனாலோ பிஹைண்ட், 1 புள்ளி. தடுப்பவருக்கு இந்த 6-1 கணக்குதான் வேதம். பந்தை விரல் நுனியால் தொட்டுவிட்டால்கூட ஐந்து புள்ளி மிச்சம். ஆஃப்சைடு கிடையாது. 15 மீட்டருக்குக் குறையாமல் உதைபட்டு வரும் பந்தை வேறு யாரும் தொடுவதற்கு முன் பிடித்தால் அது மார்க்; பிடித்தவர் தடையின்றி நின்று உதைக்கலாம். கோலிலிருந்து 50 மீட்டர் வளைவுக்குள் எதிரணியின் உயரமான ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசைக்காரர், மார்க் பிடித்தால் பாதிக் கதை முடிந்தது. அதை நடக்க விடாமல் இருப்பதற்குத்தான் பின்வரிசைக்காரருக்குச் சம்பளம்.

பின்வரிசையில் ஆறு பேர். தாளில் ஃபுல் பேக், இரண்டு பேக் பாக்கெட், சென்டர் ஹாஃப் பேக், இரண்டு ஹாஃப் பேக் ஃப்ளாங்க் என்று எழுதுவார்கள். இன்றைக்கு அந்தப் பெயர்களை வைத்து ஆட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வேலையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எதிரணியின் முதன்மை ஃபார்வர்டோடு ஒட்டிக்கொண்டே திரியும் உயரமானவர் ஒருவர் அல்லது இருவர். ஆளை விட்டு விலகி, வரும் பந்தை நடுவில் பறிக்கும் இன்டர்செப்ட்காரர். சின்ன, வேகமான ஃபார்வர்டைத் தரையில் அடக்கும் குட்டையானவர். பறித்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, குறி தவறாமல் உதைக்கும் ஒருவர் அல்லது இருவர். 2017 ரிச்மண்டில் டேவிட் ஆஸ்ட்பரியும் டிலன் க்ரைம்ஸும் ஆள் பிடிக்கும் வேலையைப் பார்த்ததால்தான் ரான்ஸுக்கும் நிக் விளாஸ்டினுக்கும் பறிக்கப் போகும் சுதந்திரம் கிடைத்தது. பஷார் ஹூலி பந்தை வெளியே கொண்டுபோனார். ரான்ஸ் 194 செ.மீ. உயரம். இந்த வேலைக்கு அது ராட்சத உயரமே அல்ல, 200 செ.மீ. தாண்டிய ஃபார்வர்டுகள் இப்போது சாதாரணம்.

பின்வரிசைக்காரர் முதலில் கற்கும் கைத்தொழில் ஸ்பாயில், அதாவது ஃபார்வர்ட் பிடிக்கப் போகும் பந்தைக் குத்தித் தள்ளுவது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். செய்வதற்கு நுணுக்கமான வேலை. முஷ்டியை இறுக்கி மூட வேண்டும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மடித்துக் குத்தினால் கட்டைவிரல் உடையும். திறந்த உள்ளங்கையால் தட்டினால் பந்து இரண்டு மீட்டர் தள்ளித்தான் விழும், விரல் மூட்டும் பிசகும். எதிராளியின் வலது தோளுக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்றால் வலது கையால் குத்த வேண்டும். இடது கை போனால் அது அவர் தலைக்கு மேலே குறுக்காகப் போகும். தலையிலோ கையிலோ பட்டால் நடுவர் விசில் ஊதுவார், கோலுக்கு நேரே ஃப்ரீ கிக். மார்க்குக்கு நீட்டிய கையை வெட்டுவது போல அடிப்பது இன்று தனிக் குற்றம்.

எங்கே குத்துகிறோம் என்பது குத்துவதைவிட முக்கியம். பந்து நேரே முன்னால், காலடியில் விழுந்தால் அங்கே எதிரணியின் குட்டையான ஃபார்வர்ட் காத்துக்கொண்டிருப்பார். உயரமானவர்கள் மேலே மோதிக்கொள்ளும்போது சிந்துவதைப் பொறுக்குவதுதான் அவர் பிழைப்பு. எனவே எல்லைக்கோட்டுப் பக்கமாக, முடிந்தவரை தூரமாகக் குத்த வேண்டும். கோல் வாயில் என்றால் பின்பக்கமாகக் கோட்டைத் தாண்டவிட்டு ஒரு புள்ளியைக் கொடுத்துவிடலாம். மைதானத்தின் நடுப்பாதைப் பக்கம் குத்துவது இளைஞர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. பந்து தன்னிடமிருந்து போய்விட்டதே என்ற நிம்மதியில் மூன்று நொடி கழித்து வரும் கோலை அவர்கள் யோசிப்பதில்லை.

அடுத்த தவறு, சீக்கிரம் குதிப்பது. பந்து விழும் இடத்துக்கு அடியில் போய்விட்டால் கை மேலே இருந்தும் பயனில்லை. ஓடி வந்து குதிப்பவருக்குத்தான் ஆதாயம். அதைவிட மோசம், ஒரே அணியின் இருவர் ஒரே பந்துக்குக் குதிப்பது. இருவரும் விழுந்து கிடக்க, தரையில் ஒருவரும் இருக்க மாட்டார். ஆகவே கத்த வேண்டும். போகிறவர் தான் போவதாகக் கத்துவார்; மற்றவர் கீழே நின்று சிதறும் பந்துக்குத் தயாராவார். நல்ல பின்வரிசையை மைதானத்தில் நேரில் உட்கார்ந்து கேட்டால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். தொலைக்காட்சியில் அது கேட்காது.

ஒற்றைக்கு ஒற்றை நிற்பதிலும் அளவுகள் உண்டு. எதிராளிக்கும் கோலுக்கும் நடுவில், கை எட்டும் தூரத்தில் நிற்பது பொதுவிதி. எதிராளி வேகக்காரர் என்றால் இரண்டு மூன்று மீட்டர் பின்வாங்கி நிற்பார்கள். தன்னைவிட உயரமானவர் என்றால் நேர்மாறாக நெருங்கிவிடுவார்கள். பந்து வருவதற்கு முன்பே இடுப்பாலும் முன்கையாலும் அழுத்தி, பந்து விழும் புள்ளியிலிருந்து அவரை ஓரடி நகர்த்திவிட்டால் உயரம் உதவாது. பந்து ஐந்து மீட்டருக்குள் இருக்கும்போது உடம்பால் இடிக்க விதி இடம் தருகிறது. சட்டையைப் பிடிக்கவோ, முதுகில் தள்ளவோ கூடாது. 2007 முதல் முதுகில் கை பட்டாலே ஃப்ரீ கிக் என்று கெடுபிடி இருந்தது. 2019-இல் அதைத் தளர்த்தி, தள்ளாத வரை கையை வைத்துத் தன் இடத்தைக் காத்துக்கொள்ளலாம் என்றார்கள். தடுப்பவர்களுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த சில சலுகைகளில் அது ஒன்று. கண் எப்போதும் பந்தின் மேல் இருக்க வேண்டும். பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து மோதினால், மோதல் மென்மையாக இருந்தாலும் தண்டனைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல மாநில லீக் தடுப்பாட்டக்காரருக்கும் தெரியும். ரான்ஸ் வேறுபட்ட இடம், எப்போது ஆளை விட்டுப் போவது என்ற தீர்மானம்.

ஐம்பது மீட்டர் உதை ஒன்று காற்றில் ஏறத்தாழ மூன்று நொடி இருக்கும். கிளப்புகள் புதியவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் இளைஞர்களுக்கு வைக்கும் 20 மீட்டர் ஓட்டச் சோதனையில் வேகமானவர்கள் நின்ற இடத்திலிருந்து மூன்று நொடிக்குள் ஓடிவிடுகிறார்கள். ஆக, பந்து காலை விட்டுக் கிளம்பும் கணத்திலேயே திசையைப் படித்துவிட்டால், இருபது மீட்டர் தூரத்துக்குள் விழும் எந்தப் பந்துக்கும் ஒரு தடுப்பவர் போய்ச்சேர முடியும். அரை நொடி தாமதித்தால் அந்த வட்டம் வெகுவாகச் சுருங்கும். கிளம்பிய பிறகு முடிவெடுத்தால் தாமதம். உதைப்பவரின் உடம்பைப் பார்த்து முன்பே முடிவெடுக்க வேண்டும். உதைப்பவர் மார்க் பிடித்து நிதானமாக நிற்கிறாரா? ஆளோடு ஒட்டு. யாரோ துரத்த, கோணலாக, அவசரத்தில் உதைக்கிறாரா? பந்து உயரப் போய்க் குட்டையாக விழும், விட்டுவிட்டுப் போ. இந்த வாசிப்பில் ரான்ஸ் அசாத்தியமானவர். ஆனால் உதைப்பவர்களை அவசரப்படுத்தியது ரிச்மண்டின் குட்டை ஃபார்வர்டுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்வரிசை துரத்தாத அணியில் இன்டர்செப்ட் செய்பவர் வெறும் வேடிக்கை பார்ப்பவர்தான்.

விட்டுவிட்டுப் போவதில் ஆபத்து வெளிப்படை: பந்து கிடைக்காவிட்டால் உங்கள் ஆள் தனியாக நிற்பார். எனவே ஒருவர் கிளம்பியதும் அடுத்தவர் அந்த ஆளை ஏற்க வேண்டும், அவருடைய ஆளை மூன்றாமவர் ஏற்க வேண்டும். வலையை இழுத்தால் எல்லாக் கண்ணிகளும் நகர்வது போல ஆறு பேரும் நகர வேண்டும். ஒருவர் மட்டும் சோம்பினால் ஓட்டை அங்கேதான் விழும். 2019-இல் வந்த 6-6-6 விதி இதை இன்னும் கடினமாக்கியது. கோலுக்குப் பிறகு மையத்தில் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு 50 மீட்டர் வளைவுக்குள்ளும் இரு அணியிலும் ஆறு பேர் நின்றாக வேண்டும். முன்பு போலக் கூடுதலாக ஓர் ஆளைப் பின்னால் நிறுத்த முடியாது. அந்த முதல் பத்து நொடி சுத்தமாக ஒற்றைக்கு ஒற்றை.

இந்த முறை எப்படி உடையும் என்பதற்கு நல்ல சான்று 2018-இல் இறுதியாட்டத்துக்கு முந்தைய தகுதி ஆட்டம் (பிரிலிமினரி ஃபைனல்). பருவத்தை முதலிடத்தில் முடித்த ரிச்மண்டை காலிங்வுட் 97-58 என்று வீழ்த்தியது. வீழ்த்தியதில் பெரும்பங்கு மேசன் காக்ஸ், 211 செ.மீ. உயர அமெரிக்கர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். ஆட்டத்தின் நான்கு காற்பகுதிகளில் இரண்டாவதில் மட்டும் மூன்று கோல். காலிங்வுட் செய்தது எளிமையானது: பந்தை அவருக்கு உயரத்தில் போட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அவரோடு நின்றும் ரிச்மண்ட் பின்வரிசையால் கை எட்டவில்லை. பறிக்கும் திறமை உதைப்பவரின் பிழையை நம்பியது. பிழையில்லாமல், கை எட்டாத உயரத்துக்கு வரும் பந்துக்கு விலகிப் போகும் கலையால் பயன் இல்லை. அங்கே பழைய முறையில் உடம்பால் நகர்த்துவதுதான் மருந்து.

அதற்கு முந்தைய ஆண்டு கதை நேரெதிர். 2017 பருவத்தில் அதிகப் புள்ளி குவித்த அணி அடிலெய்டு. செப்டம்பர் 30 அன்று இறுதியாட்டத்தில் ரிச்மண்ட் அவர்களை 60 புள்ளியில் நிறுத்தியது, 108-60. கோப்பை வந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் டஸ்டின் மார்ட்டினுக்குப் போனது, நியாயம்தான். ஆனால் அந்த 60 என்ற எண்ணை அணியின் பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் தனியாக ரசித்திருப்பார் என்று ஊகிக்கலாம். அவரே எசெண்டன், போர்ட் அடிலெய்டு இரண்டிலும் கோப்பை வென்ற பேக் பாக்கெட்காரர்.

பந்தைப் பறித்த பிறகு? பலர் கவனிக்காதது இது. நவீன பின்வரிசைக்காரர் அணியின் முதல் தாக்குதல்காரரும்கூட. எதிரணி பிஹைண்ட் அடித்ததும் 9 மீட்டர் கோல் சதுரத்திலிருந்து தடுக்கும் அணி உதைத்துத் தொடங்கும். வழிகள் மூன்று. பக்கவாட்டில் பாக்கெட்டில், அதாவது கோலை ஒட்டிய மூலையில், நிற்பவருக்குக் குட்டை உதை. எல்லைக்கோட்டு ஓரமாக 50-60 மீட்டர் நீள உதை, அங்கே தன் அணியின் உயரமானவர்கள் கூட்டமாக நின்று குறைந்தபட்சம் பந்தைத் தரைக்குக் கொண்டுவருவார்கள். மூன்றாவது நடுப்பாதை: வெற்றி பெற்றால் எதிர்முனையில் கோல், தவறினால் இந்த முனையில் கோல். 2019 முதல் முன்பு போலத் தனக்குத்தானே ஒரு முறை உதைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாமல் சதுரத்திலிருந்து நேராக ஓடிவரலாம் என்பதால், நன்றாக உதைக்கும் ஓடும் தடுப்பாட்டக்காரரின் விலை ஏறிவிட்டது.

மார்க்கிலிருந்து தாக்குதல் பிறந்ததற்கு 2018 இறுதியாட்டத்தைக் காட்டலாம். கடைசி நிமிடங்களில் காலிங்வுட் முன்னிலை. வெஸ்ட் கோஸ்டின் ஜெரமி மெக்கவர்ன், அடிபட்ட விலாவோடு, தன் கோல் பக்கத்தில் பாய்ந்து ஒரு இன்டர்செப்ட் மார்க் பிடித்தார். அவரிடமிருந்து வார்டி, வார்டியிடமிருந்து லியாம் ரையன், ரையனிடமிருந்து டோம் ஷீட். எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து ஷீட் அடித்த கோலில் 79-74. ஷீட்டின் கோல் காலத்துக்கும் ஒளிபரப்பாகும். மெக்கவர்னின் மார்க் இல்லாமல் அது இல்லை.

ஒரு புள்ளியைக் கொடுத்து நேரம் வாங்கும் தந்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2008-இல் எசெண்டனுக்கு எதிராக ரிச்மண்ட் பின்வரிசைக்காரர் ஜோயல் பௌடன் கடைசி நொடிகளில் வேண்டுமென்றே இரண்டு முறை பந்தோடு கோட்டைத் தாண்டி இரண்டு புள்ளியைத் தானம் செய்து, நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றினார். அதே ஆண்டு இறுதியாட்டத்தில் ஹாதர்ன் அணி ஜீலாங்குக்கு இப்படி 11 பிஹைண்ட் கொடுத்தும் கோப்பையை வென்றது. மறு ஆண்டே விதி வந்துவிட்டது. இன்று 9 மீட்டருக்கு அப்பாலிருந்து பந்தைத் தள்ளினாலோ, யாரும் நெருக்காதபோது தள்ளினாலோ, வேறு வழி இருந்தும் தள்ளினாலோ ஃப்ரீ கிக். அது கோல் வாயிலிலேயே தரப்படும் என்பதால் பெரும்பாலும் 6 புள்ளி. நெருக்கடி இருந்ததா என்பது நடுவரின் கண்ணில்தான் இருக்கிறது. இதை வைத்து வாராவாரம் சண்டை நடக்கும்.

இனி தொழில் பாதை. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது நிரம்புபவர் தேசிய டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார். கிளப்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். ஆட்டக்காரர் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெர்த்காரரான ரான்ஸை ஸ்வான் டிஸ்ட்ரிக்ட்ஸ் என்ற அந்த ஊர் கிளப்பிலிருந்து 2007-இல் 18-ஆவது தேர்வாக ரிச்மண்ட் எடுத்தது. அப்போதுதான் 18 நிறைந்திருந்தது; 2,700 கி.மீ. தள்ளி மெல்போர்னில் குடியேற்றம். அப்பா மரே ரான்ஸ் வெஸ்ட் கோஸ்டுக்குக் கேப்டனாக இருந்தவர் என்றாலும் மகனுக்கு உடனே எதுவும் நடக்கவில்லை. 2009-இல்தான் முதல் ஆட்டம். தொடக்க ஆண்டுகளில் அவரைப் பற்றிய பேச்சு, பாய்ந்து பாய்ந்து பந்தை எடுக்கிறார், எடுத்ததை எதிரணிக்கே உதைத்துக் கொடுக்கிறார் என்பதுதான். பிரிஸ்பேனுக்காக மூன்று கோப்பை வென்ற சென்டர் ஹாஃப் பேக் ஜஸ்டின் லெப்பிட்ச் 2010 முதல் 2013 வரை ரிச்மண்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்த காலத்தில்தான் ரான்ஸின் ஆட்டம் உருப்பட்டது. முதல் ஆல்-ஆஸ்திரேலியன் தேர்வு 24 வயதில்.

இந்தத் தாமதம் ரான்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மிட்ஃபீல்டர் 19 வயதில் ஜொலிக்கலாம். உயரமான பின்வரிசைக்காரர் 100 கிலோ எடையுள்ள, பத்து ஆண்டு அனுபவமுள்ள ஃபார்வர்டோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த உடம்பு வர நான்கைந்து ஆண்டு எடைப்பயிற்சி தேவை. அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுவதுதான் கொடுமை. புதியவருக்கு முதலில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுதான் தருவார்கள், வி.எஃப்.எல். போன்ற இரண்டாம்நிலை லீக்கில் ஆடிக்கொண்டே மேலே இடம் காலியாகக் காத்திருந்து, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் ஏராளம். இதற்கு மறுபக்கமும் உண்டு: கிளப்புகள் முற்றிய ஆளைத் தேடி எடுப்பதும் பின்வரிசையில்தான் அதிகம் பலிக்கிறது. ஜீலாங்கின் டாம் ஸ்டூவர்ட் உள்ளூர் ஃபுட்டியும் வி.எஃப்.எல்.லும் ஆடிக்கொண்டிருந்தவர். 2016 டிராஃப்டில் 40-ஆவது தேர்வாகப் போய், 24 வயதில் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டம் ஆடினார், பிறகு பலமுறை ஆல்-ஆஸ்திரேலியன், 2022-இல் கோப்பை. மெக்கவர்னும் தேசிய டிராஃப்டில் எடுக்கப்படாதவர்களுக்கான ரூக்கி டிராஃப்டில் அடியிலிருந்து வந்தவர்தான். அயர்லாந்தின் கேலிக் கால்பந்திலிருந்து வந்த ஸாக் டுவோஹி 288 ஆட்டம் ஆடியதும் முக்கியமாகப் பின்வரிசையில்.

சனிக்கிழமை ஆட்டம் என்றால் வாரம் இப்படிப் போகும். ஞாயிறு மீட்பு: நீச்சல்குளம், பனிக்கட்டித் தொட்டி, அடிபட்ட இடங்களைப் பரிசோதித்தல். திங்கள் காணொளி ஆய்வு. பின்வரிசை தனியாக உட்காரும். விட்ட ஒவ்வொரு கோலையும் பின்னோக்கி ஓட்டி, எந்தக் கண்ணி முதலில் அறுந்தது என்று பார்ப்பார்கள். கோல் அடித்தவரோடு நின்றவர் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். இரண்டு உதைக்கு முன்னால் நகராமல் நின்றவர்தான் பெரும்பாலும் சிக்குவார். செவ்வாய் அல்லது புதன் முழுப் பயிற்சி, இடையில் எடைத்தூக்கல். ஒரு நாள் விடுப்பு. பலர் படிப்புக்கோ வேறு தொழில் கற்கவோ அதைப் பயன்படுத்துவார்கள். அடுத்து எதிரணியின் ஃபார்வர்ட் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் ஓடிப் பந்து கேட்பார், எந்தக் காலால் உதைப்பார் என்ற பாடம். வெள்ளி லேசான ஓட்டம். மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஒவ்வோர் அணிக்கும் 23 ஆட்டம், பிறகு செப்டம்பர் இறுதிச்சுற்று. நவம்பரில் அடுத்த பருவத்துக்கான பயிற்சி தொடங்கிவிடும்.

சம்பளம் பற்றி ஒரே எண் போதும். 2023-இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி ஆண்கள் லீக்கின் சராசரி 2027-இல் ஆண்டுக்கு 5,19,000 ஆஸ்திரேலிய டாலர். பெரிய பணம் பொதுவாக மிட்ஃபீல்டருக்கும் உயரமான ஃபார்வர்டுக்கும் போகும். ஆனால் நல்ல உயரமான தடுப்பவர் கிடைப்பது அரிது என்று கிளப்புகளுக்குத் தெரியும். ஜேக் லீவருக்காக 2017-இல் மெல்போர்ன் இரண்டு முதல்சுற்று டிராஃப்ட் தேர்வுகளை அடிலெய்டுக்குக் கொடுத்தது. அப்போது அதிகம் என்றார்கள். மறு ஆண்டு ஸ்டீவன் மேயையும் வாங்கியது. இருவரும் பின்னால் நிற்க 2021-இல் 57 ஆண்டுக்குப் பின் மெல்போர்னுக்குக் கோப்பை வந்தது.

உடம்பு கொடுக்கும் விலையைச் சொல்லாமல் விட முடியாது. விரல் மூட்டு விலகுவது இந்த வேலையில் வாடிக்கை, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். மேலே நீட்டிய கையோடு விழுவதால் தோள் மூட்டு. குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால். 2019 மார்ச்சில், முதல் சுற்றில் கார்ல்டனுக்கு எதிரான தன் 200-ஆவது ஆட்டத்தில் ரான்ஸின் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. அறுவைசிகிச்சை செய்து மீள ஏறத்தாழ ஓராண்டு ஆகும் காயம் அது. அவர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில், 30 வயதில், ஓய்வு அறிவித்தார். முழங்கால் மட்டும் காரணமல்ல. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். குடும்பத்துக்கும் சமய வாழ்க்கைக்கும் நேரம் வேண்டும் என்பது அவர் முடிவு. 2015-இலேயே அவர் ஆட்டத்தை விட்டுவிடுவார் என்ற பேச்சு இருந்தது.

தலைக்காயம் இன்னும் கனமான விஷயம். பந்தை மட்டும் பார்த்துப் பின்னோக்கி ஓடுபவர் எதிரே வருபவரைப் பார்க்க மாட்டார். இன்டர்செப்ட்காரரின் வேலையே அதுதான். இப்போது மூளை அதிர்ச்சி உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆட முடியாது, அதாவது அடுத்த ஆட்டம் பெரும்பாலும் போய்விடும். மெக்கவர்ன் 197 ஆட்டங்களோடு 2025-இல் விலகியது மருத்துவக் குழுவின் பரிந்துரையால்தான். செயின்ட் கில்டாவுக்காக 240 ஆட்டம் ஆடிய முன்னாள் ஃபுல் பேக் டேனி ஃப்ராலி 2019-இல் இறந்த பின் அவர் மூளையைப் பரிசோதித்ததில், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற சிதைவு நோய் இரண்டாம் நிலையில் இருந்தது தெரியவந்தது. தலையில் மோதியவருக்கும் தண்டனை கடுமையாகிவிட்டது. டாம் ஸ்டூவர்ட் போன்ற நல்ல பெயர் உள்ளவரே 2022-இல் ரிச்மண்டின் டியான் ப்ரெஸ்டியாவை இடித்ததற்கு நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார்.

ரான்ஸ் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் இல்லாத பகுதி. 2019 முதல் சுற்றோடு ரிச்மண்ட் பின்வரிசை சரியும் என்று எழுதாதவர் இல்லை. க்ரைம்ஸ் அந்த ஆண்டு ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார். இறுதியாட்டத்தில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி மொத்தம் மூன்று கோல்தான் அடித்தது, 114-25. ஆஸ்ட்பரி, க்ரைம்ஸ், விளாஸ்டின், ஹூலி, நேதன் ப்ராட் ஐவரும் 2017 இறுதியாட்டத்தில் அவரோடு ஆடியவர்கள்தான். இதைக் காட்டி, ரான்ஸ் அவ்வளவு முக்கியமில்லை என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. யார் கிளம்புவது, யார் ஏற்பது என்று அவரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகிய ஐந்து பேர் அந்தப் பழக்கத்தோடு ஆடினார்கள். அவருடைய ஆட்டத்தில் புள்ளிவிவரத்துக்குள் வராத பாதி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த 25 என்ற எண்ணைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, பந்திலிருந்து அறுபது மீட்டர் பின்னால் நிற்பவர்களை ஒரு காற்பகுதி மட்டும் பாருங்கள். தொலைக்காட்சியில் கேமரா விலகிக் காட்டும்போதுதான் முடியும். மைதானத்தில் என்றால் கோலுக்குப் பின்புற மேல்தளம் சிறந்த இடம். கைநீட்டிக் கைநீட்டி ஆட்களை நகர்த்திக்கொண்டிருப்பவர் யார் என்று கவனியுங்கள். உதைப்பவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, நினைத்த இடத்துக்கு உதைக்காமல் பக்கவாட்டில் கொடுத்தால், நிறுத்தியது அந்த ஆள்தான்.